டிரைஎத்தில்சிலேன்: கேட்டால்தான் ஹைட்ரைடு தரும்

டிரைஎத்தில்சிலேன் என்ற ஒடுக்கித் திரவத்தைத் தண்ணீரோடு சேர்த்துக் குலுக்கினால் ஒன்றும் ஆகாது. எண்ணெய்போல மேலே மிதக்கும். குமிழி இல்லை, சூடு இல்லை. அதே கலவையில் கொஞ்சம் மெத்தனாலும் ஒரு சிட்டிகை பல்லேடியம்-கார்பனும் சேர்ந்தால் சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோலப் பொங்கும், வருவதோ ஹைட்ரஜன். (இதை யாரும் வேடிக்கைக்காகச் செய்து பார்க்க வேண்டாம். மெத்தனால் ஆவி, ஹைட்ரஜன், காற்றில் தீப்பற்ற வைக்கும் வினையூக்கி, மூன்றும் ஒரே குழாயில் இருக்கும்.) இந்தச் சேர்மத்தின் குணம் முழுக்க இந்த இரண்டு காட்சிகளுக்குள் அடக்கம். தானாக எதையும் ஒடுக்காது, அதாவது தன் ஹைட்ரைடை (இரண்டு எலக்ட்ரான்களோடு போகும் ஹைட்ரஜனை) தானே யாருக்கும் தராது. யாராவது வந்து கேட்க வேண்டும்: ஒரு கார்பன் நேரயனி, ஒரு உலோகம், ஒரு ஃப்ளூரைடு, அல்லது ஒரு வலுவான காரம்.

முதலில் எண்கள். சிலிக்கான் அணுவில் மூன்று எத்தில் தொகுதிகள், ஒரு ஹைட்ரஜன். மூலக்கூறு எடை 116.28. அடர்த்தி 0.728, ஆகவே 1 மில்லி என்பது ஏறத்தாழ 6.3 மில்லிமோல். கொதிநிலை 107 முதல் 108 டிகிரி செல்சியஸ். ஃப்ளாஷ் பாயின்ட் (ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை) சுழியத்துக்கும் கீழே, சுமார் −3 டிகிரி. இரசாயனப் பதிவு எண் (CAS) 617-86-7. ஆர்டர் போடும்போது பெயரை நம்பாமல் இந்த எண்ணைப் பாருங்கள். டிரைஎத்தில்சிலேன், டிரைஎத்தாக்சிசிலேன் என்ற இரண்டு பெயர்களுக்கும் நடுவில் சில எழுத்துகள்தான் வித்தியாசம்; ஆபத்தில் இருக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சிலிக்கானின் எலக்ட்ரான் கவர்தன்மை 1.90, ஹைட்ரஜனுடையது 2.20. அதனால் இந்தப் பிணைப்பில் ஹைட்ரஜன் பக்கம் லேசான எதிர்மின் சாய்வு இருக்கும். கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் கார்பன் பக்கம் சாய்வு, இங்கே நேர்மாறு. ஹைட்ரைடு தரும் குணம் இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்தச் சாய்வு சின்னது. சோடியம் போரோஹைட்ரைடைப் போல மெத்தனாலில் கிடக்கும் ஒரு கீட்டோனைத் தானே தேடிப் போய்த் தாக்காது. லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடைப் போல ஈரக்காற்றுக்கே சீறாது. எதிரில் உள்ள கார்பன் முழு நேர்மின்னூட்டத்தோடு நின்றால் மட்டும் கொடுக்கும். இந்த மந்த குணத்துக்காகத்தான் இதற்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம். எஸ்டர், அமைடு, நைட்ரைல், நைட்ரோ, அரைல் புரோமைடு எல்லாம் ஒரே மூலக்கூறில் இருந்தாலும், அமில ஊடகத்தில் அவற்றைத் தொடாமல் அரைல் கீட்டோனை மட்டும் மெத்திலீனாக்கும், அதாவது அதன் C=O-வை CH₂ ஆக்கும்.

அமிலமும் சிலேனும் சேர்ந்த இந்த முறைக்கு அயனி ஹைட்ரஜனேற்றம் என்று பெயர். மாஸ்கோவில் குர்சனோவும் பார்னெஸும் இதை ஒரு முழு முறையாக வளர்த்தார்கள். 1974இல் வந்த அவர்களுடைய தொகுப்புக் கட்டுரை இன்றும் பயன்படுகிறது. அமிலம் கீட்டோனுக்குப் புரோட்டான் தரும், சிலேன் ஹைட்ரைடு தரும். கிடைக்கும் கார்பினால் (ஆல்கஹால்) அமிலத்தில் தண்ணீரை இழந்து பென்சைலிக் நேரயனியாகும் (பென்சீன் வளையத்தை ஒட்டிய கார்பனில் நேர்மின்னூட்டம்), அதற்கு இன்னொரு ஹைட்ரைடு. ஆக ஒரு கீட்டோனுக்குக் குறைந்தது 2 ஈக்விவலன்ட் (ஒரு மூலக்கூறுக்கு இரண்டு) சிலேன் வேண்டும். 1.1 ஈக்விவலன்ட் போட்டுவிட்டு, பாதியில் நின்றுவிட்டதே என்று அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு கணக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். 4-மெத்தாக்சிபென்சோஃபீனோனை 4-மெத்தாக்சிடைஃபீனைல்மீத்தேன் ஆக்க வேண்டும். 10 மில்லிமோல் என்றால் கீட்டோன் 2.12 கிராம். டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் 100 மில்லிமோல், அதாவது 7.7 மில்லி. சிலேன் 23 மில்லிமோல், 2.67 கிராம், 3.7 மில்லி. நைட்ரஜன் பலூன் பொருத்திய 50 மில்லி ஃபிளாஸ்க்கில் கீட்டோனை அமிலத்தில் கரைத்து ஐஸில் வையுங்கள். சிலேனை 10 முதல் 15 நிமிடத்தில் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். நன்றாகக் கலக்க வேண்டும். கலக்கல் மந்தமானால் சிலேன் லேசான படலமாக மேலே பிரிந்து நிற்கக்கூடும், அப்போது "ரியாக்‌ஷன் நகரவில்லை" என்று வெப்பநிலையைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஸை எடுத்துவிட்டு அறை வெப்பநிலையில் டிஎல்சி (மெல்லேட்டு வண்ணப்பிரிகை) பார்த்துக்கொண்டே போங்கள். மந்தமாக இருந்தால் 40 டிகிரி வரை சூடாக்கலாம்.

வொர்க்கப்பில் (வினை முடிந்தபின் பொருளைப் பிரித்தெடுக்கும் கட்டத்தில்) ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. 7.7 மில்லி அமிலத்தை பைகார்பனேட்டால் நடுநிலையாக்கினால் ஏறக்குறைய 2.4 லிட்டர் கார்பன் டைஆக்சைடு வரும். பிரிபுனலுக்குள்ளேயே இதைச் செய்தால் மூடி பறக்கும். முதலில் அகலமான பீக்கரில் ஐஸ் தண்ணீரில் ஊற்றி, பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை முழுதாக அடங்கிய பிறகே எத்தில் அசெட்டேட்டோடு புனலுக்கு மாற்றுங்கள்.

மேலே சொன்னது கீட்டோனுக்கான வரிசை. பென்சைலிக் ஆல்கஹாலையோ மூன்றாம்நிலை ஆல்கஹாலையோ ஒடுக்கும்போது வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: ஆல்கஹால், சிலேன், டைகுளோரோமீத்தேன் மூன்றும் முதலில், அமிலம் கடைசியில். காரணம் எளிது. இந்த ஆல்கஹால்கள் அமிலம் பட்ட நொடியிலேயே நேரயனியாகிவிடும். பக்கத்தில் ஹைட்ரைடு தர ஆள் இல்லையென்றால், அந்த அயனி பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான் மிகுந்த வளையத்தைப் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் புரோட்டானை விட்டு ஆல்கீனாகும். அடர் சிவப்பு அல்லது பழுப்பு நிறம், டிஎல்சி அடியில் ஒட்டிக்கொண்ட கறை, நிறை நிறமாலையில் எடை கூடிய சிகரம் என்றால் பெரும்பாலும் இந்தக் கதைதான். கீட்டோனுக்குக்கூட சிலேனை இரண்டு மணி நேரம் இழுத்து இழுத்துச் சொட்டவிடாதீர்கள். முதல் ஹைட்ரைடு வாங்கிய மூலக்கூறு இரண்டாவதுக்காகக் காத்துக்கிடக்கும்.

எது நடக்காது என்பதும் தெரிய வேண்டும். நைட்ரோ தாங்கிய வளையத்தின் கீட்டோன் இந்த அமிலத்தில் அசையவே அசையாமல் இருக்கலாம், ஏனென்றால் நேரயனியைத் தாங்க அதில் ஆள் இல்லை. சாதாரண முதல்நிலை ஆல்கஹாலும் அப்படியே. ஆல்கீன்களில், மூன்றாம்நிலை நேரயனி தரக்கூடியவை ஒடுங்கிப்போகும், ஓரத்து ஒற்றைப் பதிலீட்டு ஆல்கீன் பிழைக்கும். அலிபாட்டிக் கீட்டோன் ஆல்கஹாலில் நின்று டிரைஃப்ளூரோஅசெட்டேட் எஸ்டராக வெளியே வரும். பிறகு பொட்டாசியம் கார்பனேட்டும் மெத்தனாலும் கொண்டு எஸ்டரை உடைக்க வேண்டும். மந்தமான கீட்டோனுக்கு டிரிஃப்ளிக் அமிலத்தைச் சில துளி சேர்ப்பது உண்டு. ஆனால் அவ்வளவு வலுவான அமிலம் சிலேனையே நேரடியாகத் தாக்கி ஹைட்ரஜனாக வெளியேற்றும். அதனால் சிலேனைக் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், பாத்திரம் திறந்திருக்கவும் வேண்டும்.

இனி, எல்லோரும் திட்டும் விஷயம். ஹைட்ரைடு கொடுத்த பிறகு சிலிக்கான் எங்கே போகிறது? டிரைஎத்தில்சிலனாலாகவும், அதில் இரண்டு சேர்ந்த ஹெக்ஸாஎத்தில்டைசிலாக்சேனாகவும். சிலனால் 158 டிகிரியில் கொதிக்கும், ஹைவாக்கில் (வலுவான வெற்றிடத்தில்) இழுத்தால் ஓரளவு போய்விடும். டைசிலாக்சேன் 230க்கும் மேலே. ரோட்டவேப்பில் (கரைப்பானை ஆவியாக்கும் சுழல் கருவியில்) எவ்வளவு நேரம் சுற்றினாலும் அசையாது. நிறமில்லை, யூவியில் தெரியாது, டிஎல்சியில் சுத்தமாக ஒரே புள்ளி. ஆனால் எடை போட்டால் 130 சதவீத விளைச்சல்! புரோட்டான் என்எம்ஆரில் (ஹைட்ரஜன்களைக் காட்டும் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில்) 0.5 முதல் 0.6க்குள் நான்காகப் பிளந்த ஒரு குவார்ட்டெட்டும் 0.95 பக்கம் மூன்றாகப் பிளந்த ஒரு டிரிப்லெட்டும் நின்றால் விருந்தாளி யாரென்று புரிந்துவிடும்.

இதைக் கழிக்க மூன்று வழிகள் போதும். பொருள் திடமாகப் படிகமாகுமானால் படிகமாக்கி, குளிர்ந்த ஹெக்ஸேனால் கழுவுவதே சிறந்தது. சிலாக்சேன் முழுதும் தாய்க்கரைசலோடு போய்விடும். பொருள் கொஞ்சம் முனைவுத்தன்மை உள்ளதானால் அசெட்டோநைட்ரைலில் கரைத்து ஹெக்ஸேனால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காது, சிலாக்சேன் ஹெக்ஸேன் அடுக்குக்குப் போகும். நிரல் வண்ணப்பிரிகைதான் (column) வழி என்றால், எத்தில் அசெட்டேட் கலக்காமல் வெறும் ஹெக்ஸேனை இரண்டு மூன்று நிரல் கொள்ளளவு விட்டு சிலாக்சேனைத் துரத்திய பிறகே முனைவுத்தன்மையைக் கூட்டுங்கள். நம் டைஃபீனைல்மீத்தேன் இதில் தப்பித்துக்கொள்ளும். 4-எத்தில்அனிசோல் போன்ற சின்ன, எண்ணெய்ப் பொருளாக இருந்தால் இந்த மூன்றும் திணறும். அப்படிப்பட்ட இடத்தில் இந்த முறையையே தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது என்பேன்.

பெரிய அளவில் இந்த வேதியியல் எங்கே ஓடுகிறது என்று கேட்டால், சர்க்கரை நோய்க்கான டாபாகிளிஃபிளோசின் மாத்திரையைக் காட்டலாம். அதன் மூல செயற்கை வழியில் இந்தச் சிலேன் இரண்டு முறை வருகிறது. முதலில், எத்தாக்சி, குளோரோ, புரோமோ மூன்றும் தாங்கிய ஒரு பென்சோஃபீனோனை மெத்திலீனாக்க. பிறகு சர்க்கரை வளையத்தின் முதல் கார்பனில் இருக்கும் மெத்தாக்சியைக் கழற்றி அங்கே ஹைட்ரஜன் வைக்க. இரண்டிலும் அமில வேலையைச் செய்வது போரான் டிரைஃப்ளூரைடு ஈதரேட். இரண்டாவது படியில் ஹைட்ரைடு வளையத்தின் அடிப்பக்கத்திலிருந்து, அச்சுத் திசையில் நுழைவதால் அரைல் தொகுதி பீட்டா நிலையில் நிற்கும். வேதியியலாளர் கிஷியின் குழு 1982இல் காட்டிய அதே தந்திரம். போரான் டிரைஃப்ளூரைடோடு வேலை செய்யும்போது கட்டுப்படுத்த வேண்டியது அமிலம் சேரும் வேகத்தை. கீட்டோனையும் சிலேனையும் டைகுளோரோமீத்தேன்-அசெட்டோநைட்ரைல் கலவையில் 10 டிகிரிக்குக் குளிர்வித்து, உள் வெப்பநிலை 20ஐத் தாண்டாத வேகத்தில் ஈதரேட்டைச் சேருங்கள். வெப்பமானி கரைசலுக்குள் இருக்க வேண்டும். ஐஸ் தொட்டியில் செருகிய வெப்பமானி ஐஸின் வெப்பநிலையைத்தான் சொல்லும்.

அலுமினியம் குளோரைடை மாற்றாக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆல்கைல் குளோரைடின் குளோரினும் சிலேனின் ஹைட்ரஜனும் அலுமினியம் குளோரைடு முன்னிலையில் இடம் மாறும் என்பதை வேதியியலாளர் விட்மோரின் குழு 1947இலேயே காட்டிவிட்டது. மூலக்கூறில் ஆல்கைல் ஹாலைடு இருந்தால் அதுவும் போகும், சூடும் கிளம்பும்.

பெப்டைடு (அமினோ அமிலச் சங்கிலி) செய்பவர்களுக்கு இது ஒடுக்கியாக அல்ல, துப்புரவாளராகத் தெரியும். பெப்டைடைக் கட்டி வளர்த்த ரெசினிலிருந்து அதை வெட்டும்போது, பாதுகாப்புத் தொகுதிகளிலிருந்து டிரைட்டில், டெர்ட்-பியூட்டைல் நேரயனிகள் கிளம்பி வெறிபிடித்ததுபோல அலையும். அவற்றுக்கு ஹைட்ரைடு கொடுத்து அடக்குவதே வேலை. 5 மில்லி கலவைக்கு டிரைஃப்ளூரோஅசெட்டிக் அமிலம் 4.75, சிலேன் 0.125, தண்ணீர் 0.125 மில்லி. டிரைட்டில் நேரயனியின் மஞ்சள், சிலேன் விழுந்ததும் வெளிறிப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் உள்ள பெப்டைடில் இதைப் போடாதீர்கள். இண்டோல் வளையம் இண்டோலினாக ஒடுங்கி, நிறை நிறமாலையில் 2 எடை கூடிய துணைச் சிகரம் தலைகாட்டும். அங்கே பருமனான டிரைஐசோபுரோப்பைல்சிலேனே பொருத்தம்.

பல்லேடியத்தோடு சேரும்போது கதை வேறு. இங்கே நேரயனி எதுவும் இல்லை. மெத்தனாலில் சிலேன் உடைந்து, ஃபிளாஸ்க்குக்குள்ளேயே ஹைட்ரஜன் பிறக்கிறது. சிலிண்டர் இல்லாத இடத்தில் பென்சைல் தொகுதியைக் கழற்றவும், ஆல்கீனின் இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனை நிரப்பவும் வசதி. 1 மில்லிமோல் பொருளுக்கு 10% பல்லேடியம்-கார்பன் பொருளின் எடையில் 10 முதல் 20 சதவீதம், மெத்தனால் 2 அல்லது 3 மில்லி, சிலேன் 10 மில்லிமோல், அதாவது 1.6 மில்லி. வினையூக்கியை நைட்ரஜனில் முதலில் எடுத்து, அதன்மேல் கரைப்பானை விடுங்கள். மெத்தனால் இருக்கும் ஃபிளாஸ்க்கின் வாயில் காய்ந்த பல்லேடியம்-கார்பன் தூளைக் கொட்டினால் தீப்பிடிக்கும். சிலேனை ஊசியில் மெதுவாக விடுங்கள். 1.6 மில்லி முழுதும் சுமார் 240 மில்லி ஹைட்ரஜன் ஆகும். ஒரு பலூன் தாங்கும். அரைல் ஹாலைடுகள் இதில் பிழைக்காது.

இதே பல்லேடியம்-சிலேன் ஜோடியை வேதியியலாளர் ஃபுகுயாமா 1990இல் தயோஎஸ்டரிலிருந்து ஆல்டிஹைடு எடுக்கப் பயன்படுத்தினார். கரைப்பான் அசெட்டோன், அறை வெப்பநிலை, சிலேன் 2 அல்லது 3 ஈக்விவலன்ட், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆல்டிஹைடிலேயே நின்றுவிடுவதுதான் இதன் அழகு. கரைப்பானாக ஆல்கஹால் போடக்கூடாது என்பது மேலே படித்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

இனி கையாளல். சிலேன் என்ற பெயரைக் கேட்டதும் பலரும் காற்றில் தானே தீப்பிடிக்கும் சிலிக்கான் டெட்ராஹைட்ரைடை நினைத்து மிரளுவார்கள். இது அப்படியில்லை, காற்றில் திறந்து ஊசியில் எடுக்கலாம். ஆனால் பெட்ரோலைப் போன்ற தீப்பற்றும் திரவம் என்பதை மறக்கக்கூடாது. ஆவி காற்றைவிட நான்கு மடங்கு கனம், மேசை விளிம்பில் வழிந்து கீழே ஹாட்பிளேட் இருக்கும் இடத்துக்குப் போகும். ஃப்யூம் ஹுட், கண்ணாடி, நைட்ரைல் கையுறை, லிட்டர் கணக்கில் ஊற்றினால் இரு பாத்திரங்களையும் கம்பியால் இணைத்து எர்த் செய்வது. தீக்கு உலர் தூள் அல்லது கார்பன் டைஆக்சைடு. தண்ணீரைப் பீய்ச்சினால் மிதந்து பரவும்.

உண்மையான விபத்துகள் தீயைவிட அழுத்தத்தால்தான் வர வாய்ப்பு அதிகம். 10 மில்லி சிலேனில் 63 மில்லிமோல் ஹைட்ரைடு இருக்கிறது. ஹைட்ரஜனாக மாறினால் 1.5 லிட்டர். அரை லிட்டர் பாட்டிலில் மூடி இறுக்கப்பட்ட நிலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நடப்பதும் பெரும்பாலும் ரியாக்‌ஷனில் அல்ல, அதற்குப் பிறகுதான். சிலேன் ஒட்டிய ஃபிளாஸ்க்கை, கண்ணாடிக் கருவி கழுவும் ஆல்கஹால்-பொட்டாஷ் காரத் தொட்டியில் முக்குவது. சிலேன் கழிவை அமீனும் காரமும் உள்ள கழிவு கேனில் ஊற்றி மூடுவது. சிலில் ஈதரைக் கழற்றப் போட்ட ஃப்ளூரைடு கரைசலை மீந்த சிலேனோடு சேர்ப்பது. ஃபிளாஸ்க்கை முதலில் ஹெக்ஸேனால், பிறகு அசெட்டோனால் அலசிவிட்டுத்தான் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். கழிவுக்குத் தனி கேன், காற்றுத்துளை உள்ள மூடி, மேலே "சிலேன், காரம் சேர்க்காதே" என்று தமிழிலேயே பெரிதாக எழுதிய லேபிள். வடிகட்டிய பல்லேடியத்தைக் காயவிடாமல் தண்ணீரில் நனைத்து, சிலேன் கழிவுக்குத் தொலைவில் வையுங்கள்.

முன்பு சொன்ன டிரைஎத்தாக்சிசிலேன் விவகாரம். விலை மலிவு, ஹைட்ரைடும் இருக்கிறது என்று அதை மாற்றாகப் போடத் தோன்றும். ஆனால் காரமோ டைட்டானியம் ஆல்காக்சைடோ பட்டால் அது தனக்குள்ளேயே தொகுதிகளை இடம் மாற்றிக்கொண்டு, தானே தீப்பிடிக்கும் அந்த டெட்ராஹைட்ரைடு வாயுவை உண்டாக்கும். இதைப் பற்றி வேதியியலாளர் பக்வால்ட் 1993இல் எச்சரித்திருக்கிறார். ஆவி கண்ணையும் கெடுக்கும். சிலிக்கான்-கார்பன் பிணைப்பு சாதாரணமாக இப்படி இடம் மாறாததால் டிரைஎத்தில்சிலேனுக்கு இந்தத் தொல்லை இல்லை. இன்னொரு மாற்றான பாலிமெத்தில்ஹைட்ரோசிலாக்சேன் இன்னும் மலிவு, ஆனால் வொர்க்கப்பில் காரம் பட்டதும் நுரைத்து ஜெல்லாக உறைந்து பிரிபுனலை அடைத்துவிடும்.

அலமாரியில் பழைய பாட்டில் கிடந்தால் முதலில் ஹுட்டுக்குள் மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள்; "புஸ்" என்று வந்தால் ஈரமோ காரமோ உள்ளே போயிருக்கிறது. ஐஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 2100 அலைஎண் அருகே கூர்மையான சிகரம் இருக்க வேண்டும். என்எம்ஆரில் 3.6 அருகே, பக்கத்து ஆறு ஹைட்ரஜன்களால் ஏழாகப் பிளந்த ஒரு ஹைட்ரஜன் தெரியும். அதன் பரப்பை 1 என்று வைத்தால் 0.5 முதல் 1 வரையிலான எத்தில் பகுதி 15 வர வேண்டும். 20 வந்தால் பாட்டிலில் கால் பங்கு சிலாக்சேனாகவும் சிலனாலாகவும் மாறியிருக்கிறது. காய்ச்சி வடித்து 107 டிகிரிப் பகுதியை எடுக்கலாம், அல்லது அந்தக் கணக்கின்படி கூடுதலாகப் போடலாம். அப்படிப் போட்டால் நிரலில் ஹெக்ஸேனையும் கூடுதலாக விடுங்கள்.